நாரைத் தொப்பி

வடக்கே, கடற்காற்று ஓயாத அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் இல்லத்தில், ஆகஸ்டு பிறந்துவிட்டால் ஆம்ப்ரோஸ் வின்டர்போர்னுக்குக் கை நிலைகொள்ளாது. மாணவர் ஊருக்குப் போய்விட்ட விடுதிகளில் வெள்ளையடிப்போர் ஏணி இழுக்கும் ஓசை கேட்கும். ஒழுகும் கூரையைப் பற்றிப் பேச நிர்வாகக் குழுவினர் வருவர். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் கிடக்கும் நீண்ட அளவுகோலை இவர் தம்மையறியாமல் இரு கைகளாலும் பற்றுவார். இடது முழங்கை மெல்ல உயரும். வராத பந்தொன்றை நோக்கிக் கண்கள் சுருங்கும். "ஐயா, கூரை..." என்று யாரேனும் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

அவர் ஒரு காலத்தில் கவுன்டியின், அதாவது மாவட்டத்தின், கிரிக்கெட் அணிக்கு ஆடியவர் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். மறக்க முடியாத ஆட்டம் எது என்று விருந்துகளில் கேட்பார்கள். "நான் மட்டையைத் தொடாத ஆட்டம்" என்பார். கேட்டவர் அதைத் தன்னடக்கம் என்று கொண்டு சிரிப்பார். அவர் சொன்னதோ முழு உண்மை.

ஆடிய நாட்களில் அவருக்கு ஆண்டு என்பது ஒரே மாதம்தான். மற்றப் பதினொரு மாதமும் மூடுபனி சூழ்ந்த ஒரு விடுதிப் பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். பிழைபட்ட வினைச்சொற்களைத் திருத்தினார். பிறர் பிள்ளைகளின் சளிக்கும் வீட்டு ஏக்கத்துக்கும் பரிந்தார். ஜூலை இறுதியில் பள்ளி மூடும். மறுநாளே மட்டைப் பையைத் தோளிலிட்டு, கவுன்டியின் மைதானம் இருக்கும் ஆல்டர்ஃபோர்டுக்கு ரயிலேறுவார். ஆற்று வளைவைக் கடந்ததும் பேராலயத்தின் கூர்ங்கோபுரம் முதலில் தெரியும்; பிறகு லிண்டன் மரங்களின் வரிசை; பிறகு, மரங்களுக்கிடையே துணியைக் கிழித்துக் காட்டினாற்போல் ஒரு பச்சை. அந்தப் பச்சையைக் காணும் கணத்தில், மாலை வழிபாட்டில் சங்கீதம் பாடி முடித்தபின் ஆலயத்துள் நிலவும் அமைதி அவர் நெஞ்சில் வந்து இறங்கும். போர்க்களத்திலிருந்து திரும்பிய இளைஞனாக முதன்முதல் அதை அங்கே உணர்ந்தார். பதினைந்து ஆகஸ்டுகளாக அது அவரைக் கைவிட்டதே இல்லை.

அவர் வந்தால் நான்காம் இடத்தில் மட்டை பிடிப்பார். அதை யாரும் அறிவித்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. ஊதியம் பெறாமல் ஆடும் கனவான்களுக்கு எல்லா இடத்திலும் அப்படித்தான். பெவிலியனின் மாடியில் அவர்களுக்கு அறை. விரிப்பும் சாய்வு நாற்காலிகளும் முன்மாடமும் உண்டு. சம்பளத்துக்கு ஆடுபவருக்குக் கீழே, புல்தரை உருளை நிற்கும் கொட்டகையை ஒட்டித் தாழ்ந்த சன்னலோடு ஓர் அறை. கனவான்கள் நடுவாயிலின் வெண்படிகளில் இறங்கி மைதானம் புகுவர். மற்றவர் பக்கத்துச் சிறுவாயிலில். ஓரணியாய் ஆடும் பதினொருவர் இரு வாயில்களில் புறப்பட்டுப் புல்லின் நடுவில் ஒருவரையொருவர் சந்திப்பர். அதில் விந்தையைக் கண்டவர் எவருமில்லை.

தொப்பியிலும் அந்த வேறுபாடு இருந்தது. கரும்பச்சைத் துணியில் வெள்ளி நூலால் தைத்த நாரை, கவுன்டியின் சின்னம். கனவான்களுக்கு அது எளிதில் வாய்க்கும். வின்டர்போர்னுக்கு முதல் வாரத்திலேயே, ஒரு முப்பத்தோர் ஓட்டத்துக்குக் கிடைத்துவிட்டது. சம்பளக்காரருக்கோ ஒரே விதி: ஒரு கோடையில் ஆயிரம் ஓட்டம் சேர்க்க வேண்டும். அதுவரை நாரை இல்லாத வெறுந்தொப்பி.

அந்தக் கடைசி ஆண்டு அவர் தாமதித்தே வந்தார். வடக்குப் பள்ளிக்கு அவரைத் தலைமையாசிரியராகத் தேர்ந்திருந்தார்கள். வீட்டைப் பார்ப்பதும் குழுவினரோடு உண்பதுமாக ஆகஸ்டின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. பருவத்தின் இறுதி ஆட்டம் ஒன்றே எஞ்சியிருந்தது. தலைமையாசிரியருக்கு ஆகஸ்டு என்று ஒன்று கிடையாது. ஆகவே அவருக்கும் அதுவே இறுதி ஆட்டம்.

வெண்படிகளின் மேலேயே அணித்தலைவர் ஹியூ லாஸ்கம் அவரைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். லாஸ்கமின் குடும்பத்துக்கு ஆப்பிள் தோட்டங்கள் உண்டு. கவலை என்பது அவர் முகத்தில் தங்கியதே இல்லை.

"வந்துட்டியாடா ஆகஸ்டுக் குருவி! நீ வராம கோடை முடியக்கூடாதுன்னு மழையை நான்தான் தடுத்து வெச்சிருக்கேன்."

"உன் செல்வாக்கு அவ்வளவு தூரம் போகும்னு எனக்குத் தெரியாதே."

"பிஷப் வழியா ஏற்பாடு. வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் உனக்கு வழியனுப்பு விருந்து, அவரும் வர்றார். அதனால அந்த ஆட்டுக்குட்டி ஜோக்கைச் சொல்லித் தொலைக்காதே. நாலாவது இடம் துடைச்சுத் தயாரா இருக்கு. போ, போய் வலையில கையோட முறுக்கைக் கொஞ்சம் எடு."

வலைப் பயிற்சியில் அவருக்குப் பந்து வீச வந்தவர் ஏனோக் பிராடக். செங்கல் சூளைக்காரர் மகன். அகன்ற தோளும் பெரிய தலையும் அவசரமறியாத நடையும் கொண்டவர். மட்டை பிடிப்பதுதான் அவர் தொழில். ஆயினும் ஆகஸ்டுதோறும் வின்டர்போர்னுக்குப் பந்து வீசிப் பழக்கிவிடுபவர் அவரே.

"ஐயா, உங்க பள்ளிக்கூடத்துப் பையனுங்க பந்தே போடறதில்லியா? மட்டைக்கும் காலுக்கும் நடுவுல கதவு தொறந்து கெடக்குது."

"தொறந்திருந்தா உள்ள வரவேண்டியதுதானே, பிராடக்?"

"வந்துட்டேனுங்க. பின்னால பாருங்க."

பார்த்தார். நடுக்குச்சி சாய்ந்து கிடந்தது. இருவரும் சிரித்தனர்.

"உனக்கு இந்த வருஷம் எப்படிப் போச்சு?"

"ஏதோ ஓடிச்சுங்க ஐயா. மழையில்லாத கோடை." பிராடக் பந்தைத் தொடையில் தேய்த்துக்கொண்டே திரும்பி நடந்தார். "முன்கால நல்லா நீட்டுங்க. நாளைக்கு அவங்க ஆளு ரொம்ப வேகம்."

அன்று மாலை, பேராலயத்தின் அருகே தம் தமக்கை டொரத்தியாவின் வீட்டில் வின்டர்போர்ன் உணவுக்கு அமர்ந்தார். திருமணம் செய்துகொள்ளாத டொரத்தியா, பலிபீடத்துக்கு மலர் வைப்பதையும் ஊரில் எவரும் எதையும் மறைக்க முடியாதபடி பார்த்துக்கொள்வதையும் தம் ஊழியமாகக் கொண்டவர். மேசையில் குளிர்ந்த ஆட்டிறைச்சியும் பீட்ரூட்டும் இருந்தன. ஓரத்தில் மறுநாளைக்கான டாலியா மலர்கள் வாளியில் நின்றன.

"பிராடக்கைப் பார்த்தியாடா?"

"அவன்தான் எனக்குப் பந்து போட்டான். நல்ல மனுஷன்கா. என்ன பொறுமை!"

"என்ன சொன்னான்?"

"முன்காலை நீட்டச் சொன்னான்."

டொரத்தியா கத்தியைத் தட்டின்மேல் வைத்தார். "வேற ஒண்ணும் சொல்லல? ஐம்பத்து மூணுன்னு ஏதாவது?"

"என்ன ஐம்பத்து மூணு?"

"இன்னும் ஐம்பத்து மூணு ஓட்டம் எடுத்தா அவனுக்கு ஆயிரம்டா. கறிக்கடைக்காரர் கடைக் கண்ணாடியில சோப்பால எழுதி வெச்சிருக்கார், ஆட்டுத்தொடை விலைக்கு மேலேயே. மூணு வாரமா நான் கறி வாங்கப் போறேனோ இல்லியோ, அதைப் படிக்கப் போயிட்டிருக்கேன்."

"ரொம்ப நல்லது. இந்த ஆட்டத்துலயே அடிச்சிடுவான்."

"எங்க அடிப்பான்? நீதான் வந்துட்டியே."

வின்டர்போர்ன் முள்கரண்டியை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"ஹியூ ஒண்ணும் சொல்லலியே, அக்கா."

"எதுக்குச் சொல்லணும்? இலை உதிர்ந்தா மரம் ஆளுவிட்டா சொல்லியனுப்புது? பதினஞ்சு வருஷமா வர்றியே, நீ உள்ள வரும்போது வெளிய போறது யாருன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கியா?"

அவர் கேட்டதில்லை.

"மொதல்ல கிழவர் ஹாட்ஜ்கின் போனார். அவர் ஓய்வெடுத்த பிறகு பன்னிரண்டு வருஷமா இவன்தான். வருஷா வருஷம் ஜூலைக் கடைசியில எழுநூறு, எழுநூத்தம்பதுன்னு வந்து நிப்பான். அப்புறம் நீ ரயில்ல வந்து இறங்குவ. இந்த வருஷம் நீ வர லேட்டாச்சு பாரு, அதான் இவ்வளவு தூரம் வந்திருக்கான். பீட்ரூட் எடுத்துக்கோ."

வின்டர்போர்ன் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தார். தோட்டத்துக்குப் போய் நின்றார். பேராலயத்தில் மணிப்பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒரே வரிசையை ஏற்றியும் இறக்கியும் மணிகள் ஒலித்தன. பண்டைக் காவியங்களில் எந்த வீரனின் கவசம் எவனுடைய உடலிலிருந்து எவனுக்குச் சென்றது என்பதை அவர் மாணவருக்கு வரி பிறழாமல் சொல்வார். தம் தலையில் இருந்த தொப்பி எவர் தலைக்கு வராமல் நின்றது என்பது அவருக்குத் தெரியாமல் போயிற்று. நாரை ஆற்றோரம் ஒற்றைக்காலில் நிற்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர் அவர். ஓர் ஆளும் அவ்வாறே தம் பக்கத்தில் பன்னிரண்டு கோடை நின்றிருக்கிறார். நின்றதோடு மட்டுமல்ல, ஆகஸ்டுதோறும் சிரித்துக்கொண்டே பந்தும் வீசியிருக்கிறார்.

ஆயினும், நாளைய காலை அவர் கண்முன் வந்தது. ஆளிவிதை எண்ணெய் மணக்கும் மட்டை. படிகளில் இறங்கும்போது கோபுரம் கண்ணெதிரே எழும் அந்தக் கணம். காலைப் பனி இன்னும் உலராத புல்லில் முதல் தடம். இனி வாழ்நாளில் ஒருமுறைதான் அது கிடைக்கும், அதுவும் நாளைதான். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை என்பதே உண்மை. மணிகள் ஓய்ந்த பிறகும் வெகுநேரம் அவர் டாலியாப் பாத்தியைச் சுற்றி நடந்தார்.

காலையில், நாணயம் சுண்டுவதற்கு முன்பே, லாஸ்கமைத் தேடிப் போனார். அவர் மாடி அறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"ஹியூ, என் இடத்துல பிராடக் ஆடட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா? ஊர் முழுக்க உன் பேரை ஒட்டி வெச்சிருக்கோம். உன் பழைய மாணவனுங்க ரெண்டு பெட்டி நிறைய ரயில்ல வர்றானுங்க. பிஷப்புக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவனுக்கு ஆயிரத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. தெரியுமா உனக்கு?"

"யாரோ சொன்னாங்க. அவன் என்கிட்ட ஒண்ணும் கேட்கலியே. கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்."

"அவன் கேட்கமாட்டான்னு உனக்கே தெரியும்."

"தெரியும். அதனாலதான் அவனை எனக்குப் பிடிக்கும்."

"அப்ப வேற யாரையாவது நிறுத்தேன்."

"யாரை? மத்தவனெல்லாம் பந்து போடறவன். நீ, இல்லன்னா அவன், அவ்வளவுதான். அடுத்த வருஷம் அடிப்பான், விடு."

"அவனுக்கு முப்பத்தெட்டு வயசு, ஹியூ."

"உனக்கும் எனக்கும் நாப்பத்தொண்ணு. நம்ம மூணு பேர் முட்டியும் எப்ப வேணா போகும். கொஞ்சம் நகரு, வெளிச்சத்தை மறைக்கிற."

முட்டி என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வின்டர்போர்ன் படியிறங்கினார்.

வலையில் பிராடக்கின் இரண்டாம் பந்துக்கு முன்காலை நீட்டியவர் "ஆ!" என்று கத்தி வலது முழங்காலைப் பற்றிக்கொண்டு சரிந்தார். பள்ளியில் ஆண்டுதோறும் கிரேக்க அவலநாடகங்களை மேடையேற்றியவர் அவர். ஆனால் ஒருமுறைகூட மேடையேறியவரல்லர். மூன்று பேர் ஓடிவந்து தூக்கினர். அவர்களை விலக்கிவிட்டு நொண்டிக்கொண்டே மாடியேறினார். லாஸ்கம் தொப்பியைத் தரையில் எறிந்தார். வேறு வழியின்றிப் பிராடக்கை ஆடத் தயாராகச் சொன்னார்.

சிறிது நேரத்தில் மாடியறைக் கதவு தட்டப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் பிராடக் அந்தக் கதவைத் தட்டியது அதுவே முதல்முறை. உள்ளே வின்டர்போர்ன் தனியே சாய்வு நாற்காலியில் இருந்தார். பிராடக் வாசலுக்கு உள்ளே வந்து, விரிப்பின் ஓரத்தை மிதிக்காமல் நின்றார்.

"எந்தக் காலுங்க ஐயா?"

"எது?"

"விழுந்தப்ப வலது முட்டியைப் பிடிச்சீங்க. படியேறும்போது இடது கால நொண்டினீங்க. டாக்டர் வந்தாருன்னா பாவம், கொழம்பிப் போயிடுவாரு."

வின்டர்போர்ன் இரு கால்களையும் பார்த்துக்கொண்டார். எதுவும் அவருக்கு உதவவில்லை.

"எனக்குப் பிச்சை வேணாங்க," என்றார் பிராடக். குரல் உயரவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது. "ஐம்பத்து மூணு கம்மியா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அது என்னோட கம்மி. பாவம்னு ஒருத்தர் கால உடைச்சுக்கிட்டு நாரையைப் பிடிச்சுக் கொடுத்தா, அதைத் தலையில வெச்சுக்கிட்டு நான் கறிக்கடைப் பக்கம் எப்படிப் போவேன்?"

வின்டர்போர்ன் எழுந்தார், நொண்டவில்லை. ஆணியிலிருந்து தம் பழைய தொப்பியை எடுத்தார். பச்சை வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. நாரையின் ஒரு கால் நூல் பிரிந்திருந்தது.

"இது எனக்கு எப்படிக் கிடைச்சதுன்னு தெரியுமா?"

"தெரியுங்க. அன்னைக்கு நான் இங்க உருளை இழுத்துக்கிட்டிருந்தேன். முப்பத்தோரு ஓட்டம். ரெண்டு கேட்ச் விட்டானுங்க."

"ஒண்ணுதான்."

"ரெண்டுங்க ஐயா."

"சரி, ரெண்டு. அதுக்கு இது. அப்புறம் பன்னிரண்டு ஆகஸ்டு. நீ நடந்து வெளிய போன, நான் உள்ள வந்தேன். வெளிய போனவனே வந்து எனக்குப் பந்தும் போட்டான். ஒவ்வொரு வருஷமும் போட்டது நீ, வாங்கினது நான். வாங்கறோம்னு தெரியாமலே வாங்கியிருக்கேன், பிராடக். இப்ப பிச்சைங்கறியே, யாரு யாருக்குப் போட்டது?"

 பிராடக்கின் பார்வை முன்மாடத்துக் கதவு வழியே வெளியே சென்றது. லிண்டன் மரங்களுக்கு மேல் கோபுரம் காலை வெயிலில் நின்றது.

"இங்கேர்ந்து கோயில் தெரியுதே," என்றார்.

"உங்க அறையிலேர்ந்து தெரியாதா?"

"எங்களுக்குத் தெரியறதெல்லாம் பூட்ஸுங்கதான் ஐயா."

கீழே யாரோ இருமினார்கள். பிராடக் தம் வெறுந்தொப்பியைக் கையில் ஒருமுறை சுழற்றினார்.

"சரி, ஆடறேன். ஆனா நொண்டக்கூடாது. பொய்யில வந்த இடத்துல எனக்கு மட்டை ஓடாது. மேல உக்காந்து பார்க்கவும் கூடாது. பன்னிரண்டாம் ஆளா எங்ககூட வாங்க. தண்ணித் தட்டு தூக்கணும். எங்க வாசல் வழியாதான் வரணும்."

"தட்டு தூக்கி எனக்குப் பழக்கமில்லியே."

"நான் கத்துத் தர்றேனுங்க. எனக்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம்."

வின்டர்போர்ன் லாஸ்கமைப் படிகளில் சந்தித்து உண்மையைச் சொன்னார். "என் முட்டி கல்லு மாதிரி இருக்கு, ஹியூ. நான்தான் பன்னிரண்டாம் ஆள்."

"தட்டு தூக்கவா? பிஷப் கண் முன்னாலயா?"

"பிஷப்புக்கும் தாகம் எடுக்குமில்ல?"

லாஸ்கம் வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. நாணயம் சுண்ட அவர் ஓட வேண்டியிருந்தது. போகிறபோக்கில், "நீ கிரேக்கம் படிச்சிருக்கவே கூடாது!" என்று கத்தினார்.

கீழறையில் முதலில் எல்லாரும் எழுந்து நின்றனர். பேச்சு அற்றுப்போயிற்று. வேகப்பந்து வீசும் ஸ்பர்லிங் என்ற நெட்டையர்தான் அதைக் கலைத்தார். "மிஸ்டர் வின்டர்போர்ன், பெஞ்சுல அந்தப் பக்கம் உக்காராதீங்க, ஒரு கால் ஆடும். உங்க முட்டி மாதிரி, எந்தக் கால்னு எங்களுக்கும் சரியாத் தெரியாது." அறை முழுவதும் சிரித்தது. யாரோ கறுப்பாய் இறங்கிய தேநீரை அவர் கையில் திணித்தார்கள். அவர் ஆடும் காலின் பக்கமே அமர்ந்தார்.

தாழ்ந்த அந்தச் சன்னல் வழியே அவர் அறிந்த மைதானம் தெரியவில்லை. கோபுரம் இல்லை, மரமில்லை. புல் கண்ணுக்கு நேராய் விரிந்து, ஒவ்வொரு இதழும் தனித்தனியே நின்றது. அதன்மேல் பூட்ஸுகள் நடந்தன. ஆட்கள் இடுப்பளவே தெரிந்தார்கள். பந்து தரையோடு வரும்போது அது உருளும் ஓசைகூடக் கேட்டது. பதினைந்து ஆண்டு ஆடிய நிலம் இப்படியும் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதல் முறை பிராடக் பத்தொன்பது ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். சிறுவாயில் வழியே உள்ளே வந்து மட்டையை மூலையில் சாய்த்துவிட்டு, பூட்ஸின் கயிற்றைக் குனிந்து அவிழ்த்துக்கொண்டேயிருந்தார். எவரும் எதுவும் சொல்லவில்லை. அங்கே அதுதான் முறை என்பதை வின்டர்போர்ன் கற்றுக்கொண்டார். இரண்டாம் நாள் தூறல் விழுந்தபோது, சொந்த ஆட்டத்துக்காக ஒருநாளும் வேண்டிக்கொள்ளாத அவர், தாழ்ந்த சன்னலருகே கண்மூடி வானம் வெளுக்க வேண்டிக்கொண்டார்.

வானம் வெளுத்தது. மூன்றாம் நாளான வெள்ளிக்கிழமை பிற்பகல், வெயில் பழுத்த வேளையில், பிராடக் மறுபடி மட்டையுடன் இறங்கினார். இன்னும் முப்பத்து நான்கு வேண்டும். எல்லைக் கயிற்றோரம் முன்வரிசையில் கறிக்கடைக்காரர் ஏப்ரனோடு வந்து அமர்ந்திருந்தார்; டொரத்தியா கையில் பின்னல் ஊசிகளோடு அவரருகே இருந்தார். முதலில் கூட்டம் உரக்க எண்ணியது. இருபதைத் தாண்டியதும் குரல் தாழ்ந்தது. முப்பதைத் தாண்டியதும் ஊரே வாய்மூடியது. கயிற்றோரத்தில் ஊசிகளின் ஓசைகூட நின்றுபோயிற்று.

ஒரே ஓர் ஓட்டம் எஞ்சியபோது பிராடக் உறைந்தார். அடுத்தடுத்த பந்துகளை நெஞ்சில் வாங்கினார், தடுத்தார், விட்டார். மறுமுனையில் லாஸ்கம் மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றார். கீழறையில் ஸ்பர்லிங் வின்டர்போர்னின் தோளைப் பிடித்திருந்தார். கனவானின் தோள் என்பதை இருவருமே மறந்துவிட்டனர்.

பிறகு ஓர் ஓரத்துப் பந்து. மட்டையின் விளிம்பில் உரசி, பிடிக்கக் காத்திருந்த இருவருக்கிடையே நழுவியது. அழகென்று அதில் ஒன்றுமில்லை. பந்து அதிக தூரம் போகவுமில்லை. "வாடா!" என்று கத்தியவர் பிராடக் அல்லர், லாஸ்கம். ஆப்பிள் தோட்டங்களின் வாரிசு, வாழ்நாளில் எதற்காகவும் வேர்த்துப் பழகாதவர், தலையை முன்னே நீட்டிக்கொண்டு ஓடினார்; மறுமுனையில் விழுந்து புல்லில் சறுக்கியும் போனார்.

எழுந்த ஆரவாரத்தில் புறாக்கள் பேராலயத்தை விட்டுப் பறந்தன என்று டொரத்தியா பின்னர் சொல்வார். கீழறைக்கு அது தெரியாது.

நடுவர் தண்ணீருக்குக் கை காட்டினார். சிறுவாயில் திறந்தது. பார்லித் தண்ணீர்க் குவளைகள் நிறைந்த தட்டை ஏந்தி வின்டர்போர்ன் புல்லில் இறங்கினார். குவளைகளின் நடுவே வெளுத்த தொப்பி இருந்தது. பிராடக்குக்கென்று புதுத்தொப்பி தைத்து வைக்க எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. மாடி முன்மாடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு பிஷப் எழுந்து நின்றார். மற்றவரும் எழ வேண்டியதாயிற்று. வின்டர்போர்ன் மேலே பார்க்கவில்லை. குவளைகள் சரியாமலிருப்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

"தட்டு சாயுதுங்க ஐயா," என்றார் பிராடக். "இடது கையைக் கொஞ்சம் ஏத்திப் பிடிங்க."

ஏற்றிப் பிடித்தார். பிராடக் குவளையை எடுக்கவில்லை. நெடுநேரம் தொப்பியையே பார்த்தார்.

"இது உங்களோடதுங்க."

"அப்படித்தான் நானும் நெனச்சிட்டிருந்தேன்."

பிராடக் வெறுந்தொப்பியைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு நாரையை எடுத்து அணிந்தார். அந்தப் பெரிய தலையில் அது மரக்கிளையில் ஒட்டிய கூடு போல் உச்சியில் நின்றது.

"சின்னதா இருக்குதே."

"பதினஞ்சு வருஷமா என் தலை வளரவே இல்ல. என்ன செய்ய?"

சறுக்கிய இடத்தின் பச்சைக்கறையோடு வந்து சேர்ந்த லாஸ்கம் ஒரே மூச்சில் இரண்டு குவளையைக் காலி செய்தார். "அழகா இருக்குடா பிராடக்," என்றார். பிறகு வின்டர்போர்னைப் பார்த்து, "தண்ணியில சர்க்கரை பத்தல," என்றார்.  முகத்தைக் கைக்குட்டையால் வெகுநேரம் துடைத்தார்.

அடுத்த ஓவரிலேயே பிராடக்கின் நடுக்குச்சி பறந்தது. ஆட்டம் முடிவின்றி முடிந்தது. விருந்தில் வின்டர்போர்ன் ஆட்டுக்குட்டி ஜோக்கைச் சொன்னார். எல்லாரினும் உரக்கச் சிரித்தவர் பிஷப். அதற்கு அடுத்த வாரம் அவர் வடக்கே போனார். பிறகு ஒருநாளும் அவர் கவுன்டிக்கு ஆடவில்லை.

இப்போது ஆகஸ்டு நாட்களில், வெள்ளையடிப்போரின் ஏணி ஓசைக்கும் குழுவினரின் பேச்சுக்கும் நடுவே, அவருக்குத் தோன்றுவது தாம் அடித்த அடிகள் அல்ல, கோபுரமும் அல்ல. தாழ்ந்த ஒரு சன்னல். கண்ணுக்கு நேரே புல். அதன் தொலைவில், சுண்ணாம்பு பூசி வெண்மையாக்கிய, நுனி வெடித்த ஒரு சோடி பூட்ஸ். குச்சி பறந்த பிறகு அவை சிறுவாயிலை நோக்கி அவசரமின்றி நடந்து வருகின்றன. வர வரப் பெரிதாகின்றன. சன்னலின் எதிரே வந்து நிற்கின்றன. "மட்டைக்கும் காலுக்கும் நடுவுல கதவு தொறந்து கெடந்துச்சு, பிராடக்" என்று தாம் சொல்ல, மேலேயிருந்து, முகம் தெரியாத உயரத்திலிருந்து, ஒரு சிரிப்பு இறங்கிவருகிறது.

"ஐயா, கூரை..." என்றார் குழுவினருள் ஒருவர்.

வின்டர்போர்ன் அளவுகோலை மேசைமேல் வைத்தார். கூரையின் வரைபடங்களை அவரிடம் நீட்டினார்கள். அவர் அவற்றை இரு உள்ளங்கைகளிலும் மட்டமாக ஏந்தி வாங்கினார். வாங்கியவர், சற்றே இடது கையை உயர்த்திக்கொண்டார்.